ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா? ஸ்டோரேஜ் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும், வாளையாரைத் தாண்டி கோவைப் பக்கத்து மில்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சர்வர் ரூம் பார்க்கிற நம் ஆட்கள் நிறைய உண்டு. கணக்குப் பிரிவிலிருந்தோ எலக்ட்ரிக்கல் வேலையிலிருந்தோ வந்து இந்தப் பொறுப்பை ஏற்றவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். விற்க வருகிறவர் மலையாளத்தில் பேசுவார், கொட்டேஷன் ஆங்கிலத்தில் இருக்கும், முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டோரேஜ் பெட்டி படுத்த அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, ரெய்டையும் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் முறை) ஸ்னாப்ஷாட்டையும் ரெப்ளிகேஷனையும் பேக்கப் என்று நினைப்பது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட கேள்வி, பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து வேகமாக ஓட்டும்போது ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் இருப்பது எப்படி என்பது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும். அதன் வேலை அவ்வளவுதான். ஊழியர் ஒருவர் போன வருஷத்து ஃபோல்டரை அழித்தால், ரெய்டு அந்த அழிப்பையும் ஒழுங்காகச் செய்து முடிக்கும். பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் ரான்சம்வேர் வந்து பூட்டினால் பூட்டிய ஃபைலைப் பத்திரமாகக் காக்கும். துலாவர்ஷ (ஐப்பசி மழை) இடி இந்தப் பக்கம் எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மின்னல் லைனில் ஏறி பெட்டியையே எரித்துவிட்டால் ரெய்டு 6 என்ன செய்யும்?

ஸ்னாப்ஷாட் இன்னும் ஏமாற்றும். கொழிஞ்சாம்பாறைக்காரத் தம்பி ஒருவர் நம்பிக்கையோடு சொன்னார்: "மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்குதுங்ணா, பேக்கப்புக்குத் தனியாச் செலவு எதுக்குங்க?" அந்த ஸ்னாப்ஷாட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதே பெட்டியில், அதே பூலில் (டிஸ்க்குகளைச் சேர்த்த பொது இடம்). பெரும்பாலான பெட்டிகளில் ஸ்னாப்ஷாட் என்பது முழு நகல் அல்ல. அந்த நேரத்தில் எந்த பிளாக் (டேட்டாவின் சின்னத் துண்டு) எங்கே இருந்தது என்ற குறிப்பும், பிறகு மாறிய பழைய பிளாக்குகளும்தான். காலையில் தெரியாமல் அழித்த ஃபைலை மத்தியானம் மீட்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பூல் போனால் அதுவும் போகும். இடம் நெருக்கினால் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தானாக அழிக்கும்படி சில பெட்டிகளில் அமைப்பு இருக்கும். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ரெப்ளிகேஷன் இன்னொரு ஊரில் நகல் வைக்கிறது, சரி. அதில் சிங்க்ரனஸ் என்றால், அந்த ஊரில் எழுதி முடித்த பதில் வந்த பிறகுதான் இங்கே எழுதியதாகக் கணக்கு. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 5 மைக்ரோசெகண்ட். பாலக்காட்டிலிருந்து கோவைக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர அரை மில்லிசெகண்ட். பெரும்பாலான வேலைகள் தாங்கும். சென்னை என்றால் 500 கிலோமீட்டருக்கு மேல், 5 மில்லிசெகண்டுக்குக் குறையாது. பில்லிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு என்ட்ரிக்கும் இழுக்கும். அங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் பின்னால் அனுப்பும் அசிங்க்ரனஸ்தான் சரி. எதுவானாலும் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். வேறு மீடியாவில், வேறு இடத்தில், பழைய தேதிகளோடு, பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு திருடு போனாலும் அழிக்க முடியாத நகல் இருந்தால், அதைத் திருப்பி எடுத்தும் பார்த்திருந்தால், அதைத்தான் பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

அடுத்தது கொள்ளளவு. 8 டெராபைட் டிஸ்க் 12 போட்டால் கொட்டேஷனில் 96 என்று இருக்கும். ஒரு டிஸ்க் ஹாட் ஸ்பேர் (செத்த டிஸ்க்குக்குப் பதிலாகக் காத்திருப்பது), ரெய்டு 6க்கு இரண்டு டிஸ்க் அளவு பாரிட்டி (போன டேட்டாவை மீட்கும் கணக்கு), மிச்சம் 72. டிஸ்க் கம்பெனி ஒரு டெராபைட்டை 10இன் 12ஆம் அடுக்காகக் கணக்கிடும். பல சிஸ்டம்கள் 2இன் 40ஆம் அடுக்காகக் கணக்கிட்டு அதற்கும் டெராபைட் என்றே பெயர் போடும். அந்தக் கணக்கில் 72 என்பது 65.5. 96 வாங்கினோம் என்று போர்டு மீட்டிங்கில் சொன்னவர் பாவம். இதற்கு மேல் "எஃபெக்டிவ் கெப்பாசிட்டி" என்று ஒன்று வரும். சுருக்கினால் நாலு மடங்கு கிடைக்கும் என்ற கணிப்பு அது. சிசிடிவி பதிவுகள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை, மேற்கொண்டு சுருங்காது. டேப்பிலும் இதே கதை: பேக்கப்புக்கு வாங்கும் எல்டிஓ-9 வகை டேப்பில் 45 டெராபைட் என்று இருப்பது 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானம். உண்மையில் கொள்வது 18. அதனால் கொட்டேஷனில் யூசபிள் (நமக்குப் பயன்படும் இடம்) எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று எழுதி வாங்குங்கள்.

வேகத்தில் "ஒரு லட்சம் ஐஆப்ஸ்" (செகண்டுக்கு எத்தனை முறை படிக்கும், எழுதும் என்ற எண்ணிக்கை) என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. பிளாக் 4 கிலோபைட் என்றால் அது செகண்டுக்குச் சுமார் 400 மெகாபைட்தான். படிப்பதா எழுதுவதா, என்ன லேட்டன்சியில் (ஒவ்வொன்றுக்கும் ஆகும் தாமதம்) என்றும் கேட்க வேண்டும். ரெய்டு 6இல் ஒரு சின்ன ரைட்டுக்கு டிஸ்க்கில் 3 முறை படித்து 3 முறை எழுத வேண்டியிருக்கும். ரீட் கணக்கைக் காட்டி விற்றால் எழுதும்போது திணறும்.

லன், அதாவது சர்வருக்கு ஒதுக்கும் டிஸ்க் பகுதி, விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாஸ் (நெட்வொர்க்கில் ஷேர் ஃபோல்டர் தரும் பெட்டி) ஃபைலைத் தருகிறது, எத்தனை பேர் திறந்தாலும் அதுவே ஒழுங்கு பார்க்கும். சான் (சர்வருக்கு டிஸ்க்கையே நெட்வொர்க்கில் தரும் அமைப்பு) தருவது வெறும் பிளாக். ஷேர் ஃபோல்டர் போல நினைத்து ஒரே லன்னை இரண்டு சர்வருக்குக் கொடுத்தால், பல சர்வர் சேர்ந்து எழுத ஒழுங்கு பார்க்கும் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் இல்லாதபோது, ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். தின் ப்ரொவிஷனிங் (இருக்கிற இடத்தைவிட அதிகமாக ஒதுக்கிக் காட்டுவது) வைத்தால் பூல் 80 சதவீதம் தாண்டும்போது அலர்ட் வர வேண்டும்.

கடைசியாக ஆர்பிஓவும் ஆர்டிஓவும். முதலாவது, எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்குவோம் என்பது. இரண்டாவது, எத்தனை மணி நேரத்தில் வேலை திரும்ப ஓட வேண்டும் என்பது. இரண்டையும் கலந்து "நாலு மணி நேரம்" என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் பேக்கப் 20 டெராபைட், நெட்வொர்க் 1 கிகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்டை எட்டால் வகுத்தால் செகண்டுக்கு 125 மெகாபைட். முழு வேகத்தில் ஓடினாலும் 44 மணி நேரத்துக்கு மேல். 10 கிகாபிட் ஆக்கினால் நாலரை மணி நேரத்தை நெருங்கும், அதுவும் பேக்கப் பெட்டியின் டிஸ்க் அந்த வேகத்தில் கொடுத்தால்தான். ஆஸ்பத்திரியில் ஓபி காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்றால் முதலில் பில்லிங்கையும் லேப் ரிப்போர்ட்டையும் மீட்டு, பழைய ஸ்கேன் படங்களைப் பின்னால் விடும்படி வரிசையை இப்போதே எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.