வீட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி

முள்ளங்கியை நாற்று விட்டு நடவே கூடாது. பிடுங்கி நட்டால் ஆணிவேர் மடங்கி, கிழங்கு கவட்டையாகப் பிரியும். ஒன்றரை அடி ஆழப் பையில் செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு கலந்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, 1 செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

பத்தாம் நாள் 10 செ.மீ.க்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். மனசு வராதுதான், ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாமே எலிவால் மாதிரி மெலிந்துபோகும். பிடுங்கிய கீரை பொரியலுக்கு ஆகும்.

காயவிட்டு மொத்தமாகத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். வெள்ளை ரகம் சுமார் 45 நாளில் தயார். கிழங்கின் தலை மண்ணுக்கு மேல் வெளுத்துத் தெரியும். முந்தின நாள் மாலை நீர் விட்டு, இலைக்கொத்தின் அடியைப் பிடித்து நேராக இழுங்கள். தாமதித்தால் உள்ளே பஞ்சுபோலாகிவிடும். பறித்த கையோடு இலையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு வாடும்.