ஒரு டப்பாவுக்கு மூணு மாசம்

44 வயசுல கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்க எனக்கு. ஆபரேஷனுக்கு முந்தி எல்.டி.எல்.ங்கிற கெட்ட கொழுப்பு 112. வருசம் திரும்பறதுக்குள்ள 164. காங்கயம் பக்கம் எங்களுக்குக் கொப்பரைக் களமுங்க. திங்கிற சோறும் மாறல, அலையற வெயிலும் மாறல. டாக்டரம்மா சொல்லித்தான் விளங்குச்சு: ரத்தத்துல போற கெட்ட கொழுப்பை இழுத்துப் பிடிக்க ஈரல்ல கொக்கி மாதிரி இருக்குதாம், சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சா அந்தக் கொக்கியும் குறைஞ்சுடுமாம்.

அப்புறம் கொழுப்பைக் குறைக்கன்னு மாத்திரை, பொடின்னு ஆளுக்கொரு டப்பா சொன்னாங்க. அஞ்சையும் ஒண்ணா முழுங்கினேன். ரிப்போர்ட் வந்தப்போ எது வேலை செஞ்சுது, எது செய்யலைன்னு ஒரு எழவும் தெரியல. நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

முதல்ல கொழுப்போட தைராய்டும் பாத்துருங்க. தைராய்டு சுரப்பு குறைஞ்சாலும் எல்.டி.எல். ஏறும். 45 வயசுக்குள்ள சினைப்பையை எடுத்தவங்க, ஹார்மோன் மாத்திரை ஒத்துக்குமான்னு டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி.

அப்புறம் ஒரே ஒரு டப்பா. மூடியில தேதி எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு அதே லேப்புல ரத்தம் குடுங்க. நடுவுல வேற எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

என் கணக்குல நின்னது இசப்கோல் உமி ஒண்ணுதான். ஒரு நாளைக்கு 10 கிராம். தராசுல வெச்சுப் பாத்தேன், எங்க வீட்டு சாப்பாட்டுக் கரண்டிக்குக் கோபுரமா ரெண்டு. முதல் வாரம் அரைக் கரண்டியில ஆரம்பிச்சேன், இல்லாட்டி வயிறு உப்புசம். பெரிய டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கின கையோட குடிச்சிரணும். போன் வந்துதுன்னு வெச்சுட்டுப் போனா, திரும்பி வர்றப்போ நுங்கு மாதிரி நிக்கும். தண்ணி கொறஞ்சா தொண்டையில அடைக்கும், ஜாக்கிரதை. மத்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. 5-லிருந்து 10 சதவீதம் எல்.டி.எல். குறையும், எனக்கு 164, 152 ஆச்சு.

மீன் எண்ணெய் டிரைகிளிசரைடுங்கிற வேற வகைக் கொழுப்புக்கு, எல்.டி.எல்.லைக் குறைக்காது. கால்சியம் எலும்புக்கு மட்டும். தைராய்டு மாத்திரை போடறவங்க அதுக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க. வெளிநாட்டுல இருந்து மக அனுப்புன சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைப் பாத்ததும் டாக்டரம்மா மொகம் மாறிருச்சு. அதுல இருக்கிற மோனகோலின் கே-யும் லோவாஸ்டேட்டின்ங்கிற மருந்தும் ஒண்ணுதானாம். டப்பாவுக்கு டப்பா அளவு வேற மாறும். ஏற்கனவே ஸ்டேட்டின்ங்கிற கொழுப்பு மாத்திரை போடறவங்க இதையும் சேர்த்தா தசையும் ஈரலும் மாட்டிக்கும்.

“கொழுத்தவனுக்குக் கொள்ளு, அம்முணி”ன்னு மாமியா தினமும் கொள்ளு ரசம் வெச்சாங்க. ருசிக்குக் குடிச்சேன், கணக்குல சேக்கல.

சொல்லக் கூச்சமா இருக்குது, ஆனா சொல்லணும். தேங்காயெண்ணெயில 80 சதவீதத்துக்கு மேல நிறை கொழுப்பு. அது எல்.டி.எல்.லை ஏத்தும். தாளிப்பைக் கடலை எண்ணெய்க்கு மாத்தினேன். “களத்துக்காரி வீட்டுலயே இப்படியா”ன்னு வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. அடுத்த ரிப்போர்ட் 139. இன்னொரு மூணு மாசம் பாத்துட்டு மாத்திரை வேணுமான்னு சொல்றேன்னாங்க டாக்டரம்மா. இசப்கோல் டப்பா மூடியில புதுத் தேதி எழுதி வெச்சிருக்கேன்.