வெளிப்புறக் கமராவின் கேபிள் இணைப்பை மழையிலிருந்தும் உப்புக்காற்றிலிருந்தும் காப்பது எப்படி?

கமரா வந்த பெட்டியில், தூசிக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு காப்பு என்று காட்டும் ஐ.பி. 66 அல்லது 67 என்ற எண் போட்டிருக்கும். தண்ணீர் போகாது என்று நம்பி வெளியே மாட்டிவிடுகிறோம். ஆனால் அந்த எண் கமராவின் உடலுக்கு உரியது. பின்னால் வால் மாதிரித் தொங்கும் வயரின் நுனியில் உள்ள சொக்கற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. மழைக்காலத்தில் படம் விட்டுவிட்டு வந்தால் முதலில் அந்த இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் எட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பல வீடுகளில் நல்ல கமராவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது இதனால்தான்.

திருகோணமலையில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை காற்றோடு சாய்ந்தடிக்கும். தாழ்வாரத்துக்குக் கீழே இருக்கிறதே என்று விட முடியாது. உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் என்றால் மழை குறைந்த கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலும் உப்புக்காற்று உண்டு. படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் மின்சாரம் கசியும்போது செப்பு அரிக்கத் தொடங்கும். கேபிளிலேயே 48 வோல்ட் அளவு மின்சாரம் போகும் பி.ஓ.இ. கமராவில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் மழை தொடங்குமுன், நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படி 1: பிளக் அடிக்குமுன் மூடியைக் கோருங்கள்

கமராவோடு ஒரு சின்னப் பையில் பிளாஸ்டிக் மரை மூடியும் குழாயும் ரப்பர் வளையங்களும் வரும். பலர் அதைப் பிரிக்காமலே எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள், முதல் காப்பே அதுதான். நெட்வொர்க் கேபிளை முதலில் மரை மூடி, ரப்பர், குழாய் என்று வரிசையாகக் கோர்த்துவிட்டு, அப்புறம் எட்டுத் தகடுள்ள ஆர்.ஜே. 45 பிளக்கை நுனியில் அடியுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). பிளக் அடித்த பிறகு இவை பெரும்பாலும் உள்ளே நுழையாது. கேபிள் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை போட்டதாக, முழுச் செப்புக் கம்பியாக இருக்கட்டும்.

படி 2: மூடுமுன் சோதியுங்கள்

இணைத்து, படம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திக் கழற்றி, தகடுகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாமல் காக்கும், மின்சாரம் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் தடவி, மீண்டும் செருகி மூடியை இறுக்குங்கள். கமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் அடப்டர் 230 வோல்ட்டில் செருகப்படுவதால் அதை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

படி 3: டேப் சுற்றுதல்

கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது. வெயிலில் பசை இளகி நழுவிவிடும். கடையில் செல்ஃப் அமல்கமேட்டிங் டேப் என்று கேளுங்கள். இது பசையில்லாத ரப்பர்; இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டி ஒரே உறையாகிவிடும்.

கேபிளை உப்பும் எண்ணெயும் போகத் துடைத்துக் காயவிடுங்கள். இணைப்புக்குக் கீழே மூன்று நான்கு சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓட்டுக்கூரை போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது படிந்து தண்ணீரை வழியவிடும். டேப்பை ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும்வரை இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். இணைப்பைத் தாண்டி மேலேயும் அதே அளவு போங்கள். இழுக்காமல் சும்மா சுற்றினால் ஒட்டாது. இந்த வேலையே இழுப்பில்தான் இருக்கிறது. அதன் மேல் வெயிலுக்குக் காப்பாக முன்பு சொன்ன கறுப்பு இன்சுலேஷன் (பி.வி.சி.) டேப்பை, இதுவும் கீழிருந்து மேலாக, ஒரு தடவை சுற்றுங்கள்.

பி.ஓ.இ. பாவித்தால், அடப்டருக்கான 12 வோல்ட் சொக்கற் சும்மா தொங்கும். அதன் வாய் வழியாகவும் தண்ணீர் ஏறும். அதையும் மூடிச் சுற்றிவிடுங்கள்.

சிலிக்கனை இணைப்பின் மேல் நேராகப் பூச வேண்டாம். வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன் செப்பை அரிக்கும். சுவர்த் துளையை அடைக்க அந்த மணம் இல்லாத நியூட்ரல் வகையைப் பாவியுங்கள்.

படி 4: பெட்டியும் தொங்கலும்

இணைப்பை ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்தால் நல்லது. கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழையட்டும். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் வேண்டும், உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற. பெட்டியைப் பூட்ட ஸ்டெயின்லெஸ் ஆணிகளே வேண்டும். மற்றவை கடற்கரையில் சீக்கிரம் கறள் பிடிக்கும்.

கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே வளைந்து தொங்கி மேலேறட்டும். கேபிள் வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவர்த் துளையையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகப் போடுங்கள்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். எறும்பு கூடு வைத்திருந்தால் துப்பரவாக்கி, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் எங்காவது பிளந்திருந்தால் அதன் மேலேயே ஒட்டுப் போடாதீர்கள். பிளேட்டால் நெடுக, கேபிளில் வெட்டுப்படாமல் கீறி முழுவதையும் உரித்து, களிம்பு ஏறியிருந்தால் பிளக்கை வெட்டிப் புதிது அடித்து, படி 2 இலிருந்து திரும்பச் செய்யுங்கள்.