பென்சிலில் பனங்கூடல் வரையும்போது

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்தில் இருந்து ஒரு பின்னேரம் வரைந்த படத்தை, நேற்றுக் கொப்பியில் திரும்பப் பார்த்தேன். கிட்ட நின்ற வடலியும் தூரத்துத் தீவுக்கரையும் ஒரே கறுப்பு. அதனால் படத்தில் தூரமே தெரியவில்லை.

இதற்கு வழி பென்சிலிலேயே இருக்கிறது. தொலைவுக்கு வெளிறிய கோடு விழும் 2எச் பென்சில், நடுவுக்கு நடுத்தரமான எச்பி, கிட்ட உள்ளதற்குக் கறுப்பாக விழும் 4பி. தூரத்துப் பனங்கூடலில் ஓலை ஓலையாகக் கீறாதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மெல்லிய கோடுகளின் மேல் மங்கலான உருண்டைகள்தான் தெரியும். அதை மட்டும் போடுங்கள். கிட்டத்துப் பனை ஒன்றுக்கு மட்டும் அடிமரத்தின் வளையத் தழும்பு, காவோலை தொங்கும் விதம் எல்லாம் பொறுமையாக வரையலாம். எனக்கு அந்தக் காவோலை வரைவதில்தான் ஆசை அதிகம்.

கடல்நீரேரிக்கு நிழல் தேய்க்க வேண்டாம். தாளின் வெள்ளையை விட்டு, கரையோரம் இரண்டு மூன்று கிடைக்கோடு போட்டால் தண்ணீர் தானாகத் தெரியும்.

அப்புறம், 4பி கரி சீக்கிரம் கையில் ஒட்டும். வரையும்போது கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வையுங்கள். வலக்கைக்காரர் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.