பாரிஸில் தனியாக ஒரு நாள் நடை: முதன்முறை போகிறவர்களுக்கு

பாரிஸுக்கு முதல் தடவை போகிறவர்கள் பலரும் மெட்ரோவில் ஏறி இறங்கியே நாளைக் கழித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். பஸ்தீ சதுக்கத்தில் தொடங்கி, செய்ன் ஆற்றைத் தொட்டுவிட்டு, வடக்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் வரை நடந்து பாருங்கள். ஏறக்குறைய 8 கிலோமீட்டர்தான். நுழைவுச்சீட்டு வாங்கியே தீரவேண்டிய இடம் வழியில் ஒன்றுகூட இல்லை.

முதலில் நாள். ஞாயிறு வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். நன்றாகப் பழகிய ஷூ, ஒரு காலித் தண்ணீர் பாட்டில், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், இவை போதும். தெருவோரம் பச்சை வார்ப்பிரும்புக் குடிநீர் ஊற்றுகளைப் பார்ப்பீர்கள். 1872 முதல் நிறுவப்பட்டவை, ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயரின் கொடை. குளிர்காலம் தவிர மற்ற நாட்களில் தாராளமாகப் பிடித்துக் குடிக்கலாம். சாம்பல் நிறப் பொதுக் கழிப்பறைகளும் இலவசம்தான்.

இரண்டாவது, வீட்டு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தனியாக நடப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. 1805இல் வந்த ஒழுங்கு இது. ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருக்களில் எண் 1 ஆற்றுக்கு அருகில் இருக்கும். தள்ளிப் போகப் போக எண் கூடும். ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில், நீரோட்டம் போகும் திசையில், அதாவது கிழக்கிலிருந்து மேற்காக, எண் கூடும். எண் ஏறும் திசையில் நடந்தால் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை. நாலு கதவுகளைப் பார்த்தால் ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நீலத் தெருப் பலகையின் மேலே இருக்கும் சிறிய எண், நகரின் 20 வட்டாரங்களில் எதில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும். வட்டாரங்கள் நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே விரிகின்றன.

மூன்றாவது, சாலையைக் கடப்பது. நம் ஊரில் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடுவதால் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். சைக்கிள் தடத்தையும் சாலையாகவே நினைத்து, இரு பக்கமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள்.

இனி நடை. காலை 9 மணிக்கு பஸ்தீ. அங்கிருந்து சில நிமிடங்களில் 1612இல் திறக்கப்பட்ட ப்ளாஸ் தே வோஜ் சதுக்கம். தெற்கே இறங்கி, போன் மரி பாலம் வழியாக சேன் லூயி தீவு. அடுத்த பாலம் தாண்டினால் சித்தே தீவு, அங்கே நோத்ர தாம் தேவாலயம். 2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழைவு இலவசம். வரிசை நீளமாக இருந்தால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். சித்தே தீவின் மேற்கு முனையில் போன் நெஃப். பெயருக்கு ‘புதிய பாலம்’ என்றாலும் நகரில் இன்று நிற்கும் பாலங்களில் அதுதான் மிகப் பழையது, 1607இல் முடிந்தது.

பாலத்தைக் கடந்து வலக்கரை, அதாவது ஆற்றின் வடகரை, வந்தால் லூவ்ர் அருங்காட்சியகம். உள்ளே போகாதீர்கள் என்பது என் திடமான கருத்து. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். முற்றங்கள் வழியாக நடந்து, கண்ணாடிப் பிரமிடைப் பார்த்து, எதிரே பலே ரொயால் தோட்டத்துக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் ஒரு சாண்ட்விச் வாங்கி அங்கே நாற்காலியில் உட்காரலாம். கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல் ‘பொன்ஜூர்’. அதைச் சொல்லாமல் பொருளைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோட்டத்தின் வடக்குப் பக்கம் வெளியேறினால் கலெரி விவியேன். கண்ணாடிக் கூரை போட்ட கடைச் சந்து, 1823இல் கட்டியது, தரை முழுக்க மொசைக். இன்னும் சற்று வடக்கே இதே மாதிரிச் சந்துகள்: பஸாஜ் தே பனோரமா, சாலைக்கு எதிர்ப்புறம் ஜூஃப்ருவா, அதன் தொடர்ச்சியாக வெர்தோ. பழைய புத்தகங்கள், அஞ்சலட்டைகள், தபால்தலைகள் விற்கும் கடைகள். மழை வந்தாலும் நனையாமல் ஒரு பிற்பகல் போய்விடும். அவசரப்படுத்த யாருமில்லாதபோது வர வேண்டிய இடம் இது.

வெர்தோவிலிருந்து வெளியே வந்து ரூ ரிஷேயில் கிழக்கே நேராக நடங்கள். தெருவின் பெயர் நடுவில் மாறும், பரவாயில்லை. ஃபோபூர் சேன் தெனி தெரு வந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள். இனி எண்களைக் கவனியுங்கள், ஏறிக்கொண்டே போகும். கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி நெரிசல் அதிகம். போனும் பாஸ்போர்ட்டும் உள்பையில் இருக்கட்டும். எண் 200ஐ நெருங்கும்போது கடைப் பலகைகள் தமிழில் மாறியிருக்கும். இதுதான் லா சப்பல். 1980களிலிருந்து, போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு. மளிகை, புடவை, நகை எல்லாம் உண்டு. இரவுச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கொத்து ரொட்டியும் தோசையும் கிடைக்கும்.

திரும்பிப் போக லா சப்பல் நிலையத்தில் 2ஆம் எண் மெட்ரோ இருக்கிறது. கால் வலித்தால் தாராளமாக ஏறுங்கள்.