தாதரில் மீன் சாப்பாடு: உட்கார்ந்ததும் வஞ்சிரம் கேட்காதீர்கள்

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் புதிதாகக் குடிவந்த நம்ம ஆட்களை மதியம் தாதருக்கு மீன் சாப்பிடக் கூட்டிப் போனால், முக்கால்வாசிப் பேர் கேட்பது வஞ்சிரம் இருக்கா என்றுதான். இருக்கும், சுர்மை என்று சொன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் ஊரில் தின்ற மீனையே இங்கேயும் தின்பதற்கா வந்தோம்? நான் சொல்வது ஏசி போட்ட பெரிய ஓட்டல்களை இல்லை, மால்வணி (கொங்கண் கரைச் சமையல்), கோமாந்தக் (கோவா சமையல்) என்று பலகை மாட்டிய சின்னக் கடைகளை. பரேல், லால்பாக்கில் மில் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குச் சோறு போட்ட கானாவள்களின், அதாவது மெஸ்களின் வழியில் வந்தவை. முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும், தயங்காதீர்கள்.

முதலில் கிழமை பாருங்கள். இங்கே நிறைய மராத்தி வீடுகளில் திங்கள், வியாழன், சனி என்று கவுச்சி தொடமாட்டார்கள், மீன் நாள் என்றால் புதன், வெள்ளி, ஞாயிறுதான். ஞாயிறு வரிசையில் நின்று மாளாது. அதனால் புதன் அல்லது வெள்ளி, பன்னிரண்டே காலுக்குப் போய்விடுங்கள். ஒரு மணிக்கு ஆபீஸ் கூட்டம் வந்துவிடும், இரண்டரைக்கு மேல் நல்ல மீன் தீர்ந்துபோயிருக்கும்.

நம்ம ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் பெரிய மீன் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாகத்தான் இருக்கும், அப்போது கருவாட்டுப் பக்கம் போங்கள். சுக்கா ஜவ்ளா, அதாவது பொடிக் கூனிக் கருவாட்டை வெங்காயத்தோடு வதக்கித் தருவார்கள், பிரமாதமாக இருக்கும்.

சரி, உட்கார்ந்தாச்சு. மெனு அட்டையைப் பார்க்காமல் "ஆஜ் தாஜா க்யா ஹை?" (இன்னிக்கு எது புதுசு?) என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். பாங்டா என்றால் நம்ம கானாங்கெளுத்தி, கோளம்பி என்றால் இறால், திஸ்ர்யா என்றால் மட்டி. போம்பில் என்று சொன்னால் வேறு யோசனையே வேண்டாம். பச்சையாக இருக்கும்போது ஜெல்லி மாதிரி வழவழ என்றிருக்கும் மீன் அது. பிளந்து, மேலே கனம் வைத்துத் தண்ணீரை வடித்து, மசாலா தடவி, ரவையில் புரட்டிப் பொரிப்பார்கள். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரிக் கரையும், முள்ளும் மெத்தென்று இருப்பதால் அப்படியே மென்றுவிடலாம். ஆறினால் தொளதொளத்துவிடும், அதனால் வந்த உடனே சாப்பிடுங்கள், படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாப்லெட், அதாவது வவ்வால், அளவுக்கு ஏற்ற விலை. அட்டையில் எண் போடாமல் விட்டிருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் கேட்காமல் சொல்லிவிட்டு, மூன்று தாலிக்கான காசை அந்த ஒரு மீனுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல வவ்வாலா என்று பார்க்க, நடுமுள்ளை ஒட்டி விரலால் நெம்புங்கள். சதை ஏடு ஏடாகக் கழன்று வர வேண்டும், கூழாக வந்தால் மாற்றித் தரச் சொல்லலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாலியில் அரிசி பாக்ரி (அரிசிமாவு ரொட்டி), சோறு, பொரித்த மீன், குழம்பு, சோல்கடி எல்லாம் வரும். பாக்ரியைச் சூட்டோடு வறுவலுக்குத் தொட்டு முடித்துவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். குழம்பு நம்ம புளிக்குழம்பு மாதிரி சுள்ளென்று இருக்காது. தேங்காய் அரைத்து, குடம்புளிக்கு உறவான கோகம் என்ற புளிப்புக் காய் போட்டது, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் பிடிபடும். பாங்டா குழம்பில் மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாய், வாய் பிளந்த காய் ஒன்று கிடக்கும், அதுதான் திர்ஃபள். வாசத்துக்குப் போடுவது. கடித்தால் நாக்கு மரத்து மற்ற ருசியெல்லாம் போய்விடும், எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

சோல்கடியை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். கோகமும் தேங்காய்ப்பாலும் பூண்டும் சேர்ந்த அந்த ரோஸ் நிறத் தண்ணீரைக் கடைசிப் பிடி சோற்றில் ரசம் மாதிரி ஊற்றிப் பிசைந்து பாருங்கள், மிச்சத்தைக் குடியுங்கள். கையைக் கழுவியதும் கிளம்பிவிடுங்கள், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் நிற்பார்.