ஜீவா தபால்தலைக்கு ஓர் ஆல்பப் பக்கம்

பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா என்கிற ப.ஜீவானந்தத்துக்கு 2010-ல் ஐந்து ரூபாய் நினைவுத் தபால்தலை வெளிவந்தது. பள்ளிக் கண்காட்சி நெருங்கினால் பிள்ளைகள் அதைக் கேட்டு என் வீட்டுக்கு வருவார்கள். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கட்டுக்கட்டாகப் பதுக்கி வைத்திருப்பேன் என்று நினைப்பு. நினைவுத் தபால்தலைகளை மறுபடி அச்சடிப்பதில்லை. விற்றுத் தீர்ந்த பிறகு வியாபாரியிடமோ சேகரிப்பவரிடமோதான் வாங்க வேண்டும். வாங்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்தாமல் திருப்பிப் பாருங்கள். பின்பக்கப் பசையில் பழுப்புப் புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். துளையோரப் பற்களில் ஒன்று போயிருந்தாலும் அப்படித்தான்.

உறையில் ஒட்டியே கிடைத்தால், முத்திரையைப் படியுங்கள். ஊரும் தேதியும் தெளிவாக இருந்தால் கத்தரியை எடுக்கவே வேண்டாம், உறையோடு வையுங்கள். முத்திரை அலங்கோலமாக இருந்தால் மட்டும் சுற்றிலும் இடம்விட்டு வெட்டி, தலையின் முகம் மேலே இருக்கும்படி சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பசை இளகினால் தானாக வழுக்கி வரும், பிய்க்கக் கூடாது. வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலர்த்துங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரிய எதிரி ஈரம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. பயன்படுத்தாத தலையின் பசை ஈரத்தில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பசை தடவாமல், தலையை ஒளி ஊடுருவும் மவுண்டில், அதாவது சின்ன பிளாஸ்டிக் பையில், செருகுங்கள். விரலால் தொடாதீர்கள், இடுக்கி போதும். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு அலமாரியில் கிடக்கட்டும். லேமினேஷன் செய்துகொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தத் தலையை இனி யாராலும் மீட்க முடியாது.

இனி எழுத்து வேலை. 'மாபெரும் தியாகி, சிறந்த பேச்சாளர்' என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். எந்தத் தலைவர் படத்துக்கும் கீழே பொருந்துகிற வரி அது. பத்திரிகைக்காரர் ஜீவாவைக் காட்டுங்கள்: 1937-ல் 'ஜனசக்தி', 1959-ல் இலக்கியத்துக்கென்றே 'தாமரை'. பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை சென்றதையும் ஒரு வரியில் சேருங்கள். 1907-ல் பிறந்த ஊரை எழுதும்போது 'அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்று குறிப்பிடுங்கள். 1956 நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம்.

பக்கத்தில் இடம் மிஞ்சினால் தலைவர்களை வரிசையாக நிரப்பாதீர்கள். 1960-ல் வந்த பாரதி தபால்தலை ஒன்று போதும். அவரும் 'இந்தியா' வார இதழை நடத்தியவர். அவர் பாடல்களை மேடை மேடையாகக் கொண்டுபோனவர் ஜீவா. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெற்றிடம் விடுங்கள்.

எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைத் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துவையுங்கள். அதைத் தலையை மவுண்டில் செருகுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்; பிறகு எழுதினால் அழுத்தம் தலையில் பதியும்.